திரை முதலா, கார்டு முதலா? – கணினி கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் கணினியில் ரைசன் 5 3600 பிராசசர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் பவர் சப்ளை, 24 அங்குல 1080பி (1920 x 1080 புள்ளி) மானிட்டர் ஆகியவை உள்ளன. 34 அங்குல அகலத்திரை மானிட்டர் வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. துபாயில் வேலை செய்யும் என் மூத்த காக்கா (அண்ணன்), ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் எதை வாங்குவது? 2560 x 1080 திரை விலை குறைவாக இருக்கிறதே, அதை வாங்கலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: அந்தக் குறைந்த விலைத் திரையை வாங்க வேண்டாம். 34 அங்குலத் திரையில் 2560 x 1080 புள்ளிகளைப் பரப்பினால், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 புள்ளிகளே வரும். இப்போது உங்கள் மேசையில் இருக்கும் 24 அங்குலத் திரையிலேயே 92 புள்ளிகள் உள்ளன. அதாவது, காசு கொடுத்து முன்பைவிட மங்கலான எழுத்தை வாங்குவீர்கள். 3440 x 1440 திரையில் இது 110 புள்ளிகள். அகலத்திரை என்று ஒன்றை வாங்குவதானால் அதுவே வாங்கத்தக்கது.

ஆனால் அந்தத் திரை கார்டிடம் கேட்கும் உழைப்பையும் கணக்கில் கொள்ளுங்கள். 1080பி திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 3440 x 1440 திரையில் 49.5 லட்சம். வேலை ஏறத்தாழ 2.4 மடங்காகும்போது, இன்று நொடிக்கு 70 பிரேம் (படம்) கொடுக்கும் விளையாட்டு 30 பிரேமுக்கு அருகில் இறங்கிவிடும். எனவே மானிட்டர், கார்டு என்று இரண்டு தனித்தனி முடிவுகள் இல்லை. ஒரே முடிவை இரண்டு தவணையில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தவணையில் மானிட்டரை வாங்கச் சொல்வேன். காரணம், நல்ல திரை கார்டைவிட நெடுநாள் உழைக்கும். அடுத்த கார்டு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதையும் அந்தத் திரையே சொல்லிவிடும். இடைப்பட்ட ஆறு மாதத்தில், விளையாட்டின் அமைப்பில் 2560 x 1080 என்று வைத்தோ, குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எப்எஸ்ஆர் வசதியை இயக்கியோ சமாளிக்கலாம். அதே போன்ற டிஎல்எஸ்எஸ் வசதி 1660 சூப்பரில் இயங்காது; எப்எஸ்ஆரின் பழைய பதிப்புகள் இயங்கும். விலையிலும் ஓர் ஆறுதல் உண்டு: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துள்ளது.

வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய அட்டைப்பெட்டியை 80 சென்டிமீட்டர் அகலம், 33 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, மேசையின் பின்விளிம்பில் நிறுத்தி, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். உயரம் 27 அங்குலச் சாதாரணத் திரை அளவுதான். அகலம்தான் வியக்க வைக்கும். நம் வீடுகளில் உள்ள இரண்டடி ஆழ மேசையில், மானிட்டரின் கால் முன்னே நீண்டு, முகத்துக்கு மிக அருகில் திரை வந்துவிடும். அப்படியானால் மேசையில் பொருத்தி மானிட்டரைத் தாங்கும் கை ஒன்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

திரை வகையில், இரவில் விளக்கணைத்து விளையாடுபவர் என்றால் விஏ வகை. அதன் கறுப்பு ஆழமானது, ஆனால் இருண்ட காட்சி வேகமாக நகரும்போது நிழல் இழுபடும். பகலில் படிப்பு, அலுவல் வேலையும் உண்டு என்றால் ஐபிஎஸ். ஓஎல்இடி கண்ணைப் பறிக்கும் அழகுதான். ஒரே படம் நாள்முழுதும் நிற்கும் திரையில் தடம் பதியும் என்பதால் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன். இணைப்புக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள், எச்டிஎம்ஐ 2.0 வழியாக இந்தத் திரை சுமார் 100 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 100 முறை படம் மாறுவதோடு) நின்றுவிடும்.

இரண்டாம் தவணையில் கார்டும் பவர் சப்ளையும் சேர்ந்தே வர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 250 வாட் வரை இழுக்கும். அதன் நிறுவனமே 650 வாட் பவர் சப்ளை கேட்கிறது. ஆர்எக்ஸ் 9070 கார்டில் 16 ஜிபி நினைவகம் உள்ளது, 5070-இல் 12 ஜிபி. இந்தத் திரைக்கும் இனி வரும் விளையாட்டுகளுக்கும் 16 ஜிபியே என் தேர்வு. 450 வாட் பவர் சப்ளையில் இவற்றை ஓட்டிப் பார்க்க வேண்டாம். பிராசசரை இப்போது தொடாதீர்கள். புள்ளிகள் கூடும்போது சுமை கார்டின் மேல்தான் ஏறுகிறது. பின்னர் போதாது என்று பட்டால், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து அதே மதர்போர்டில் ரைசன் 5000 வரிசைச் சிப் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: என்னிடம் பிஎஸ் 5 மட்டுமே உள்ளது. அதற்கு அகலத்திரை மானிட்டர் பொருந்துமா?
– வாசகர், தொண்டி

பதில்: பொருந்தாது. பிஎஸ் 5 கருவி, அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் உள்ள சாதாரணப் படத்தை மட்டுமே தரும். 3440 x 1440 திரையில் நடுவே படமும், இருபுறமும் 440 புள்ளி அகலத்துக்குக் கறுப்புப் பட்டையும் நிற்கும். கணினியிலும் எல்லா விளையாட்டும் இந்த அகலத்தை ஏற்பதில்லை. 2022-இல் வெளிவந்த எல்டன் ரிங் 16:9 அளவில்தான் ஓடுகிறது. அந்தப் பணத்தில் 27 அங்குல 4கே திரை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது. ஒன்றரை ஆண்டில் மதர்போர்டு துருப்பிடித்துப் போய்விட்டது. புதிய கணினியை எப்படிக் காப்பது?
– வாசகர், பாம்பன்

பதில்: உங்கள் ஊரில் உறவினர் ஒருவரின் கணினிப் பெட்டியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். திருகுத் தலைகளில் வெண்மையாகப் பூத்திருந்தது. கார்டின் வெப்பத் தகடுகளுக்கு இடையே தூசி, கருவாட்டுக் கூடையின் அடியில் ஒட்டும் உப்பைப் போல ஈரமாகப் பிசுபிசுத்தது. அந்த ஈரம்தான் எதிரி. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். கடலோர இரவுகளில் அந்த அளவு ஈரம் சாதாரணம்.

ஆகவே கணினியைத் தென்கடல் பக்கத்து வீட்டில் கச்சான் காற்று வீசும் சன்னலுக்கோ, வடகடல் பக்கத்து வீட்டில் வாடை வீசும் சன்னலுக்கோ எதிரே வைக்காதீர்கள். உள்ளறையின் உட்சுவரே அதற்கு இடம். உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளும் விசிறிகளைவிடக் கூடுதலாகவும், அவற்றின் முன்னே மெல்லிய வலை வடிகட்டியும் இருந்தால், இடுக்குகள் வழியே காற்று உள்ளே நுழையாது. தினமும் இயங்கும் கணினி, மூடி வைத்த கணினியைவிட நன்றாக இருக்கும். உள்ளே எழும் வெதுவெதுப்பே ஈரத்தைத் துரத்திவிடும். அணைத்த கையோடு பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டையும் ரேமையும் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்த்துத் தருவார்கள். அதை அனுமதிக்காதீர்கள், மெல்லிய தங்கப் பூச்சு அதில் உரிந்துவிடும். துருவுக்கு உத்தரவாதம் மறுக்கப்படுவதே வழக்கம் என்பதால், இந்தச் சிறு உழைப்புதான் உங்களுக்குக் காப்பீடு.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், மின்சாரம் போகும்போது கணினி அணைந்து மீண்டும் எழுகிறது. 600 விஏ யூபிஎஸ் வாங்கினால் போதுமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: முதலில் இன்வெர்ட்டரின் பின்புறம் பாருங்கள். பலவற்றில் 'யூபிஎஸ்' என்ற நிலைக்கு மாற்றும் சுவிட்சு இருக்கும். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் கணநேர இடைவெளியைக் கணினி தாங்காது. அதை மாற்றியும் அணைந்தால், உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கலாம். இன்றைய நல்ல பவர் சப்ளைகள் சில அந்த அலையோடு ஒத்துப்போவதில்லை. சைன் அலை தருவதாக வாங்குங்கள்.

600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்பது பெரும்பாலும் 360 வாட்தான். 250 வாட் கார்டு, 100 வாட் பிராசசர், 50 வாட் மானிட்டர் என்றாலே 400 வாட் ஆகிவிடும். விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால் யூபிஎஸ் கீச்சென்று கத்தி அணைந்துவிடும். 600 வாட் தாங்கும் 1000 விஏ வகையைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் விஏ எண்ணை நம்பாமல், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.