என்னிடம் உள்ள ரோமானியச் செப்புக்காசு அந்தக் காலத்திலேயே அடித்த நகலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

குதிரையிலிருந்து ஒருவன் விழுகிறான், சுற்றியுள்ள எழுத்து எதுவும் புரியவில்லை, விற்றவர் "தேய்ந்த காசு" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பல வருடங்களுக்கு முன் இதே பதிலைக் கேட்டுத் தலையாட்டியவன் நான்.

தேய்ந்த காசில் எழுத்து மங்கும்; மிஞ்சியிருப்பது சரியாகவே இருக்கும். நகலில் எழுத்து நல்ல அழுத்தமாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும். என் காசின் தலைப்பக்கம் சக்கரவர்த்தி கான்ஸ்டான்டியஸ் பெயர் முதல் நாலைந்து எழுத்து ஒழுங்காகத் தொடங்குகிறது. அப்புறம் வேலிக்கம்பு நட்ட மாதிரி வெறும் நேர்கோடுகள். அச்சு வெட்டியவருக்கு லத்தீன் படிக்கத் தெரியவில்லை, பார்த்து வரைந்திருக்கிறார். பூப்பக்கத்தில் குதிரை இரண்டு வளைவும் நாலு குச்சியும்தான். விழுகிறவனின் தூக்கிய கை இன்னொரு குச்சி.

உங்கள் காசும் அதே வகை என்றே தோன்றுகிறது. 348-இல் தொடங்கிய, 'ஃபெல் டெம்ப் ரெபாராட்டியோ' (நல்ல காலம் திரும்பியது) என்ற வாசகம் பொறித்த காசு. முதலில் 5 கிராமுக்கு மேல் இருந்தது, சில வருடங்களில் 2 முதல் 2.5 கிராமுக்கு இறங்கியது. 353-இல் கான்ஸ்டான்டியஸை எதிர்த்து ஆட்சியைப் பிடித்த மக்னென்டியஸ் தோற்ற பிறகு பிரிட்டனிலும் காலிலும் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) சில்லறைத் தட்டுப்பாடு. கடைவீதிக்குக் காசு வேண்டுமே, ஆளாளுக்கு அடித்தார்கள். அதனால் இவற்றைக் கள்ளக்காசு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். என்னுடையது 13 மில்லிமீட்டர், 1.1 கிராம். ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள்: 336 வாக்கில் வந்த ஒற்றைக்கொடிப் போர்வீரர் காசு (இரண்டு வீரர்கள், நடுவில் ஒரு கொடி) அரசாங்கமே அடித்தது, அதுவும் ஒன்றரை கிராம் சொச்சம்தான்.

வேறு வகைக் காசாக இருந்தால், இரண்டு பக்கமும் ஜோடி பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ரோமா நகரத்தைக் குறிக்கும் தலை என்றால் மறுபக்கம் ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும், கான்ஸ்டான்டினோபிள் நகரத்தைக் குறிக்கும் தலை என்றால் மறுபக்கம் கப்பல் முனையில் நிற்கும் வெற்றித் தேவதை. இது மாறியிருந்தால் சந்தேகப்படலாம். அக்கசாலையிலும் (அரசாங்கம் காசு அடிக்கும் இடம்) எப்போதாவது அச்சு மாறிப்போனதுண்டு, அதனால் எழுத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு. கீழே உள்ள அக்கசாலைக் குறியை நம்பி ஏமாற வேண்டாம். ட்ரியர், லியோன் நகரத்து அக்கசாலைக் குறிகளையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறார்கள்.

இலங்கையிலும் 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகளும் அவற்றைப் பார்த்து அங்கேயே செய்தவையும் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பல வழவழவென்று தேய்ந்துவிட்டதால் எழுத்துச் சோதனை அவ்வளவாக உதவாது.

இந்தக் காலத்துப் போலியோ என்ற பயமா? ஓரத்தில் வார்ப்புக் கோடு தெரிந்தாலே புதுசு என்று சொல்லிவிட முடியாது. எகிப்தில் சக்கரவர்த்தி லிசினியஸ் காலக் காசுகளை வார்த்த களிமண் அச்சுகளே கிடைத்திருக்கின்றன. களிம்பைப் பாருங்கள்: பள்ளங்களில் கெட்டியாகப் படிந்திருக்கிறதா, மேலே பூசிய மாதிரி நகத்துக்கு உரிந்து வருகிறதா?

புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். நான் தேய்த்தேன். களிம்போடு சக்கரவர்த்தியின் கண்ணும் போய்விட்டது. இரண்டு பக்கமும் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து, எடையோடு கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.