எல்லை தாண்டுனதை எப்படி எண்ணுறது? – வாசகர் கேள்வி பதில்

போன தடவை இந்தப் பகுதியில, தீவிரவாதிங்க எந்த எல்லையை எப்போ எப்படித் தாண்டுனாங்கன்னு ஒரு பெரிய டேபிளா போட்டு ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்கன்னு ரெண்டே வரி எழுதிட்டு விட்டுட்டேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா எதிர்பார்க்கல. இந்த மாதிரி ஒரு ப்ராஜெக்ட்ல கொஞ்ச காலம் உட்கார்ந்து கோர்ட் பேப்பரைப் படிச்சு படிச்சு எக்செல்ல நம்பர் போட்ட (அந்த வேலைக்குப் பேர் கோடிங்) ஆளுங்கறதால, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: கோடிங்னா பைத்தான், ஜாவா மாதிரியா அங்கிள்? – ப்ளஸ் டூ மாணவி

இல்லம்மா, பேர் மட்டும்தான் ஒண்ணு. இங்க கோடிங்னா, எழுத்துல இருக்கற ஒரு சம்பவத்தைப் படிச்சுட்டு அதை நம்பரா மாத்துறது. "அவர் கனடாலேர்ந்து ஃபெர்ரியில வந்தார், வேற பேர்ல பாஸ்போர்ட் வச்சிருந்தார், கஸ்டம்ஸ்ல மாட்டினார்"னு ஒரு தீர்ப்புல இருந்தா, வழி: கடல், அதுக்கு 2. பாஸ்போர்ட்: மோசடி, அதுக்கு 3. முடிவு: மாட்டினார், அதுக்கு 0. இப்படி எந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு சொல்ற கையேடுதான் கோட்புக். வேலையைவிட அந்தக் கோட்புக் எழுதுறதுலதான் சண்டை ஜாஸ்தி.

கேள்வி: இதெல்லாம் உளவுத்துறை ரகசியமாச்சே, ஆராய்ச்சியாளருக்கு எப்படிக் கிடைக்குது? – ரிட்டயர்டு பேங்க் ஊழியர்

ரகசியம் எதுவும் தேவையில்ல சார். அமெரிக்காவுல குற்றப்பத்திரிகை, சாட்சியம், தீர்ப்பு எல்லாம் பொது ஆவணம். பின்னாடி ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்கு வந்த ப்ரென்ட் ஸ்மித்ங்கற பேராசிரியர் 1980கள்லேர்ந்தே தீவிரவாத வழக்குகளோட கோர்ட் பேப்பரைச் சேர்த்துட்டு வந்தார், அமெரிக்கன் டெரரிசம் ஸ்டடின்னு பேரு. இன்னொண்ணு மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோட குளோபல் டெரரிசம் டேட்டாபேஸ், 1970லேர்ந்து உலகம் பூரா நடந்த தாக்குதல்களை வரிவரியா போட்டிருக்காங்க. ஆனா அதுல தாக்குதல்தான் வரி, தாக்குனவன் எந்த வழியா வந்தான்னு இருக்காது. அதைத் தனியா தோண்டி எடுக்கணும். அந்த டேட்டாபேஸ்ல 1993ஆம் வருஷம் மட்டும் கிடையாது தெரியுமா? முதல்ல இதைச் சேகரிச்ச தனியார் கம்பெனி ஆபீஸ் மாத்துனப்போ அந்த வருஷத்துப் பெட்டி தொலைஞ்சு போச்சாம். நியூயார்க் வேர்ல்ட் ட்ரேட் சென்டர்ல முதல் குண்டு வெடிச்ச வருஷம் வேற அது.

கேள்வி: ஒரு ஆளுக்கு ஒரு வரி போட்டா முடிஞ்சுதே, இதுல என்ன கஷ்டம்? – அரசியல் அறிவியல் படிக்கிற மாணவர்

தம்பி, நானும் முதல் நாள் இதையேதான் கேட்டேன்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை எடுத்துக்க. விமானத்தைக் கடத்துனவங்க 19 பேர். ஆனா அந்த 19 பேரும் சேர்ந்து அமெரிக்காவுக்குள்ள 33 தடவை வந்திருக்காங்க, விசாரணைக் கமிஷனோட அதிகாரிகள் 2004ல வெளியிட்ட அறிக்கையில இருக்கு. ஆளை எண்ணுனா 19, க்ராசிங்கை எண்ணுனா 33. எல்லைக் காவலைப் பத்திதான் நம்ம கேள்வின்னா, ஒவ்வொரு தடவையும் ஒரு அதிகாரி அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்தியிருக்கார்ங்கறதுதான் முக்கியம், அதனால 33தான் சரி. ஆளுக்கு ஒரு வரி போட்டா 14 சம்பவம் காத்துல போயிடும். இதோட முகமது அல் கஹ்தானின்னு ஒருத்தன், 2001 ஆகஸ்ட் 4 அன்னிக்கு ஓர்லாண்டோ ஏர்போர்ட்ல வந்து இறங்குனான், ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது, யார் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறான், அதிகாரிக்கு சந்தேகம் வந்து திருப்பி அனுப்பிட்டார். அன்னிக்கு அதே ஏர்போர்ட்ல அந்த 19 பேரோட தலைவன் முகமது அட்டா இருந்திருக்கான். இந்த வரியையும் சேர்த்தாதான் கணக்குல அர்த்தம் வரும், ஏன்னா உள்ள வந்தவங்களை மட்டும் எண்ணுனா தடுத்தது எப்படின்னு தெரியவே தெரியாது.

சரி, க்ராசிங்கைத்தான் எண்ணுறோம்னு முடிவு பண்ணியாச்சு. முடிவுங்கற கட்டத்துல வெற்றின்னா 1, தோல்வின்னா 0, ஈஸிதானே? இப்ப இதைப் பாரு. 1992 செப்டம்பர் 1, நியூயார்க் கென்னடி ஏர்போர்ட். ரம்ஸி யூசுஃபும் அகமது அஜாஜும் ஒரே ஃப்ளைட்ல வந்தாங்க. அஜாஜ் கையில படம் மாத்தி ஒட்டின ஸ்வீடன் பாஸ்போர்ட், பெட்டியில வெடிகுண்டு செய்முறைப் புத்தகங்கள். அவனைப் பிடிச்சு உள்ள போட்டாங்க. யூசுஃப் கையிலயும் ஒழுங்கான விசா கிடையாது, அவனும் மாட்டினான், ஆனா அடைக்கலம் வேணும்னு கேட்டான், விசாரணைக்கு வான்னு சொல்லி வெளிய விட்டுட்டாங்க. அடுத்த பிப்ரவரி 26ல வேர்ல்ட் ட்ரேட் சென்டர்ல குண்டு, 6 பேர் சாவு. இப்ப யூசுஃப் வரியில என்ன போடுவ? அதிகாரி கண்டுபிடிச்சுட்டார், அதனால 0வா? ஆள் உள்ள வந்துட்டான், அதனால 1ஆ?

அபு மெஸர்னு இன்னொருத்தன், கனடாலேர்ந்து வாஷிங்டன் மாநிலத்துக்குள்ள வரப் பார்த்து மூணு தடவை பிடிபட்டவன். ரெண்டு தடவை கனடாவுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க, மூணாவது தடவை கேஸ் போட்டு ஜாமீன்ல விட்டாங்க, அவன் நியூயார்க் போய் 1997 ஜூலைல புரூக்ளின்ல குண்டோட மாட்டினான். மூணும் தோல்வின்னு போட்டா, எல்லைப் பாதுகாப்பு நூத்துக்கு நூறு மார்க் வாங்கிடும், இதைவிட பெரிய பொய் இருக்க முடியாது.

எனக்கு ரொம்பத் தலைவலி கொடுத்தது அகமது ரெஸ்ஸாம் கேஸ்தான். 1999 டிசம்பர் 14, கனடாவோட விக்டோரியாலேர்ந்து ஃபெர்ரி, கார் டிக்கியில வெடிமருந்து, பென்னி நோரிஸ்ங்கற பேர்ல கனடா பாஸ்போர்ட். ஃபெர்ரி ஏறுறதுக்கு முன்னாடியே விக்டோரியாவுல அமெரிக்க இமிக்ரேஷன் ஆளுங்க பாஸ்போர்ட்டைப் பார்த்துட்டு ஓகேன்னு அனுப்பிட்டாங்க. அந்தப் பக்கம் போர்ட் ஏஞ்சலஸ்ல இறங்கும்போது கஸ்டம்ஸ்ல டயானா டீன்ங்கற அதிகாரி, பதட்டமா இருக்கானேன்னு நிறுத்தினாங்க. ஒரே பயணம், ரெண்டு சோதனை, ஒண்ணுல பாஸ், ஒண்ணுல ஃபெயில். பாஸ்போர்ட் சோதனை ஏமாந்துச்சு, மனுஷக் கண்ணு பிடிச்சுதுன்னு எவ்ளோ அழகான தகவல் இது, ஒத்தை 0 போட்டா மொத்தமும் போச்சு. அதனாலதான் நாங்க கடைசியில "முடிவு"ங்கற ஒரே கட்டத்தை மூணா உடைச்சோம்: சோதனையில சந்தேகம் வந்துதா, என்ன பண்ணாங்க, அந்தப் பயணம் முடிஞ்சப்போ ஆள் நாட்டுக்குள்ள சுதந்திரமா இருந்தானா. இதை முடிவு பண்ணவே ரெண்டு வாரம் ஆச்சு, அதுக்கப்புறம் ஏற்கெனவே போட்ட எல்லா வரியையும் திரும்ப முதல்லேர்ந்து, அதைப் பத்திப் பேச வேண்டாம்.

கேள்வி: மெக்ஸிகோ எல்லை வழியாதான் தீவிரவாதிங்க வர்றாங்கன்னு ஒரு கட்சி சொல்லுது, ஒருத்தர்கூட வரலன்னு இன்னொரு கட்சி சொல்லுது. யார் சொல்றது நிஜம்? – வாசகர் ஒருவர்

ரெண்டு பேர் கையிலயும் நம்பர் இருக்கு, அதுதான் வேடிக்கை. 2006ல ராபர்ட் லைக்கனும் ஸ்டீவன் புரூக்கும் 373 பேரை எடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க, ஒருத்தர்கூட மெக்ஸிகோ வழியா வரல, கனடா வழிதான் கவலைன்னு சொன்னாங்க. ஆனா மஹ்மூத் கூரானின்னு ஒருத்தர், 2001 பிப்ரவரியில மெக்ஸிகோலேர்ந்து கார் டிக்கியில ஒளிஞ்சு வந்தவர், ஹெஸ்புல்லாவுக்கு உதவினதா 2005ல தண்டனை ஆச்சு. அவர் குண்டு வைக்கல, பணம் திரட்டினதா கேஸ். அப்ப அவர் தீவிரவாதியா இல்லையா? ஜிஹாதிக் குழுக்களை மட்டும் எடுத்துக்கிட்ட லிஸ்ட்ல அவர் வர மாட்டார், சட்டப்படி தண்டனை வாங்கின எல்லாரையும் எடுத்தா வருவார்.

இன்னொரு பக்கம், அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையே ஒரு கணக்கு வெளியிடுது, தெற்கு எல்லையில சோதனைச் சாவடி இல்லாத இடத்துல பிடிபட்டு கண்காணிப்புப் பட்டியலோட பேர் பொருந்துனது 2022 நிதியாண்டுல 98, 2023 நிதியாண்டுல 169. டிவியில இதை "169 தீவிரவாதிகள்"னு படிப்பாங்க. அது பட்டியலோட பொருந்துன எண்ணிக்கை சார், அந்தப் பட்டியல்ல சந்தேகத்துல இருக்கறவங்களோட தொடர்புல இருக்கறவங்களும் வருவாங்க. கோர்ட்ல நிரூபணமானதும் பட்டியல்ல பேர் இருக்கறதும் ஒரே கட்டத்துல போடக்கூடாத ரெண்டு சரக்கு. அதோட ஒரு விஷயம், இவங்க எல்லாம் பிடிபட்டவங்க.

கேள்வி: மும்பை 26/11ஐ எப்படி கோட் பண்ணுவீங்க? – கல்லூரி விரிவுரையாளர்

நல்ல கேள்வி மேடம், பரீட்சையில கேக்கலாம். கடல் வழியா வந்து, நடுவுல குபேர்னு ஒரு இந்திய மீன்பிடிப் படகைக் கடத்தி, கடைசியில ரப்பர் படகுல கரையேறுனவங்க 10 பேர். ஒரே நேரம், ஒரே இடம், எந்த அதிகாரியும் அவங்க பாஸ்போர்ட்டைப் பார்க்கல. 10 வரி போட்டு, எல்லாத்துக்கும் ஒரே குழு எண் கொடுக்கணும், இல்லன்னா "கடல் வழி வெற்றி 10"னு பாதியைப் படிச்சவங்க பயந்துடுவாங்க.

ஆனா என் கண்ணு டேவிட் ஹெட்லி மேலதான் போகும். தாவூத் கிலானிங்கற பேரை 2006ல மாத்திக்கிட்டு, அமெரிக்க பாஸ்போர்ட்டுல, ஒழுங்கான விசாவோட 2006 செப்டம்பர்லேர்ந்து 2008 ஜூலை வரைக்கும் 5 தடவை மும்பைக்கு வந்து இடம் பார்த்துட்டுப் போனான். அஞ்சும் சட்டபூர்வமான என்ட்ரி. தாக்குனவங்களை மட்டும் டேட்டாவுல சேர்த்தா கள்ளத்தனமா கடல்ல வந்த 10 மட்டும் தெரியும், முத்திரை குத்தி வந்த 5 தெரியாது. அப்புறம் எல்லாரும் படகு வாங்கச் சொல்லுவாங்க, விசா ஆபீஸை யாரும் பார்க்க மாட்டாங்க.

கேள்வி: ஒரே பேப்பரை ரெண்டு பேர் படிச்சா ரெண்டு விதமா போட மாட்டாங்களா?

கண்டிப்பா போடுவாங்க. அதனாலதான் ஒரு பகுதியையாவது ரெண்டு கோடர்கிட்ட தனித்தனியா கொடுக்கறது. இதுல ஒரு ஏமாத்து இருக்கு, உஷார். 100 க்ராசிங், ரெண்டு பேரும் ஆளுக்கு 90ஐ "உள்ள வந்தாச்சு"ன்னும் 10ஐ "தடுத்தாச்சு"ன்னும் போட்டிருக்காங்க, 90 வரியில ஒத்துப்போறாங்க. ஆஹா 90 பர்சென்ட்னு தோணும். ஆனா பேப்பரையே படிக்காம அதே விகிதத்துல கண்ணை மூடிட்டு போட்டிருந்தாக்கூட சராசரியா 82 வரி ஒத்துப்போயிருக்கும். தற்செயலுக்கு மேல ஜெயிக்க இருந்த இடம் 18, ஜெயிச்சது 8. அந்த எட்டைப் பதினெட்டால வகுத்தா 0.44, இதுதான் 1960ல ஜேக்கப் கோஹன் சொன்ன கப்பாங்கற அளவு. 90ன்னா பெருமையா இருக்கு, 0.44ன்னா கோட்புக்கைத் திரும்ப எழுதணும்.

கேள்வி: பேர் குழப்பத்தை எப்படிச் சமாளிக்கிறீங்க?

முழுசா முடியாது. 2009 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து டெட்ராய்ட் போன விமானத்துல வெடிக்கப் பார்த்த அப்துல்முத்தல்லப் விஷயத்துல, அமெரிக்க வெளியுறவுத் துறையிலயே பேர் எழுத்துப் பிழையாப் போய், அவனுக்கு விசா இருக்கறதே தேடுனப்ப தெரியல. அரசாங்கத்துக்கே இப்படின்னா நாங்க எம்மாத்திரம். ஆளுக்கு ஒரு எண், அந்த எண்ணுக்குக் கீழ அவனுக்கு எத்தனை பெயர் புழங்குதோ அத்தனையும் போடணும், பேரை வச்சு மட்டும் ரெண்டு வரியைச் சேர்க்கவே கூடாது. தேதியும் அப்படித்தான், அமெரிக்காக்காரங்க மாசத்தை முன்னாடி எழுதுவாங்க, 4/8ங்கறது ஏப்ரலா ஆகஸ்டான்னு மூலத்தைப் பார்த்துத்தான் போடணும்.

கேள்வி: தகவல் இல்லன்னா 0 போட்டுடலாமா?

போடவே போடாதீங்க. இந்த வேலையில நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்னா அது இதுதான். "போலி பாஸ்போர்ட் இல்ல"ங்கறது வேற, "பாஸ்போர்ட்டைப் பத்தி பேப்பர்ல ஒண்ணுமே சொல்லல"ங்கறது வேற. ரெண்டுக்கும் 0 போட்டா, சொல்லாத கேஸ் எல்லாம் நல்ல பாஸ்போர்ட்ல வந்த மாதிரி ஆயிடும். -9 மாதிரி ஒரு எண் தெரியாததுக்கு, -99 மாதிரி ஒண்ணு பொருந்தாததுக்கு. கோர்ட்டு எல்லையைப் பத்தி எழுதுறதே அது குற்றத்துக்குத் தேவைப்பட்டாத்தான். போலி பாஸ்போர்ட்டே குற்றச்சாட்டுன்னா பத்து பக்கம் இருக்கும், ஒழுங்கா வந்திருந்தா ஒரு வரிகூட இருக்காது. அதனால வெளிய போன பயணம் எல்லாம் டேட்டாவுல ரொம்பக் கம்மி. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துல கார் குண்டு வைக்கப் பார்த்த ஃபைசல் ஷாஜாத் 2010 மே 3 ராத்திரி துபாய் ஃப்ளைட்ல உட்கார்ந்தப்புறம் பிடிபட்டதால அந்த வரி நமக்குத் தெரியுது, 1993ல யூசுஃப் குண்டு வச்ச அன்னிக்கே பாகிஸ்தானுக்குப் பறந்தது பின்னாடி வழக்குல வந்ததால தெரியுது. எழுதப்படாத பயணம் எங்க டேபிளுக்கு வராது.

கேள்வி: இந்த டேட்டாவை ஏஐகிட்ட கொடுத்து, ஏர்போர்ட்லயே யார் தீவிரவாதின்னு கண்டுபிடிக்க வைக்கலாமே? – ஐடி ஊழியர்

கணக்குப் போட்டுப் பாருங்க. அமெரிக்காவுக்குள்ள வருஷத்துக்கு 30 கோடிக்கு மேல என்ட்ரி நடக்குது. உங்க மெஷின் 99 பர்சென்ட் சரியா சொல்லுதுன்னே வச்சுக்குவோம், மீதி 1 பர்சென்ட் 30 லட்சம் தப்பான அலாரம். நம்மகிட்ட இருக்கறதோ சில நூறு வரி, அதுலயும் பாதி -9. எதோட ஒப்பிடறதுங்கறதும் பிரச்சனை, சாதாரணப் பயணிங்களோட வரி இந்த டேபிள்ல ஒண்ணுகூட கிடையாது. அப்புறம் 1995ல ஓக்லஹோமா சிட்டியில 168 பேரைக் கொன்ன டிமோதி மெக்வே அந்த நாட்டுலயே பிறந்தவன், அந்தத் தாக்குதலுக்காக எந்த எல்லையையும் தாண்டல. உங்க மெஷின் ஏர்போர்ட்ல நின்னுட்டு அவனுக்காகக் காத்துட்டிருக்கும்.

இதுல ஆர்வம் இருந்தா ரெஸ்ஸாம் வழக்கோட தீர்ப்பு ஒண்ணை எடுத்து நீங்களும் நண்பர் ஒருத்தரும் தனித்தனியா கோட் பண்ணிப் பாருங்க. 1994ல அவன் போலி பிரெஞ்சு பாஸ்போர்ட்ல மாண்ட்ரியல்ல இறங்கி மாட்டி அடைக்கலம் கேட்டானே, அந்த வரியில ரெண்டு பேரும் என்ன போட்டீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.