பிளிங்க்-182: கேட்டீர்கள், சொல்கிறேன்

பாப் பங்க் (வேகமான பங்க் ராக்கோடு பாப் மெட்டு கலந்த இசை) பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். வந்ததில் முக்கால்வாசி பிளிங்க்-182 என்ற அமெரிக்க இசைக்குழு பற்றித்தான். எனக்கும் அதுதான் வசதி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

புதிதாகக் கேட்க ஆரம்பித்தவர்: அண்ணா, இவர்கள் எந்த ஊர்? பெயரில் அந்த 182 எதற்கு?

கலிஃபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் பவ்வே என்று ஒரு புறநகர். 1992இல் அங்கே டாம் டிலாங் (கிட்டார்), மார்க் ஹாப்பஸ் (பேஸ்), ஸ்காட் ரேய்னர் (டிரம்ஸ்) மூவரும் சேர்ந்தார்கள். மார்க்கையும் டாமையும் அறிமுகம் செய்துவைத்தது மார்க்கின் தங்கை. டாம் முன்னால் கெத்து காட்ட மார்க் ஒரு விளக்குக் கம்பத்தில் ஏறி, இறங்கும்போது காலில் அடிபட்டு, கொஞ்ச நாள் ஊன்றுகோலோடு திரிந்தார். இந்தக் குழுவின் குணம் முழுக்க அதிலேயே இருக்கிறது.

முதலில் பெயர் வெறும் பிளிங்க். 1995இல் 'செஷயர் கேட்' ஆல்பம் வந்தபின், அதே பெயரில் ஏற்கெனவே இருந்த அயர்லாந்துக் குழு ஒன்று வழக்கு போடுவோம் என்றது. அதனால் பின்னால் ஒரு எண்ணை ஒட்டிக்கொண்டார்கள். ஏன் 182 என்று பேட்டிக்குப் பேட்டி ஒரு புதுக்கதை சொல்வார்கள். எதையும் நம்ப வேண்டாம்.

கிட்டார் நண்பர்: ப்ரோ, நாலு பவர் கார்டு, அவ்வளவுதானே? இதில் என்ன பெரிய திறமை?

நாலு பவர் கார்டுதான் (இரண்டு மூன்று கம்பிகளை மட்டும் சேர்த்து மீட்டும் எளிய ஒலிச்சேர்க்கை), மறுக்கவில்லை. 2001இல் ஃபெண்டர் நிறுவனம் டாம் பெயரில் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஒரே ஒரு ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்), ஒரே ஒரு வால்யூம் குமிழ். டோன் குமிழ் கூடக் கிடையாது. அவர் வாசிப்புக்கு அது போதும்.

ஆனால் இவர்களுடைய சொத்து கிட்டார் இல்லை, இரண்டு குரல்கள். மார்க்குக்குத் தாழ்ந்த, அலட்டாத குரல். டாமுக்கு மூக்கால் பாடும் உச்சஸ்தாயி, கொஞ்சம் எரிச்சலூட்டும், ஆனால் மறக்க முடியாதது. ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது மற்றவர் நடுவில் புகுவதுதான் பிளிங்க். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆல்பமும் ஏன் அப்படி ஒலிக்கிறது என்றால், அந்தச் சமயத்தில் இந்த இரண்டு பேரும் எந்த நிலைமையில் இருந்தார்கள் என்று பார்த்தால் போதும்.

டிரம்ஸ் பழகும் மாணவி: டிராவிஸ் பார்க்கர் முதலிலிருந்தே இல்லையா? அவர் பாட்டு எதிலிருந்து பழகலாம்?

இல்லைம்மா. முதல் இரண்டு ஆல்பங்களும் ஸ்காட் வாசித்தவை. 1997இல் வந்த 'டூட் ராஞ்ச்' ஆல்பத்தில்தான் 'டாமிட்' இருக்கிறது. வானொலியில் இவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி அதுதான். 1998இல் சுற்றுப்பயணத்தின் நடுவே ஸ்காட்டால் வாசிக்க முடியாமல் போனது. கூடவே பயணித்த அக்வாபேட்ஸ் குழுவின் டிரம்மர் டிராவிஸ். சுமார் 20 பாட்டுகளை முக்கால் மணி நேரத்தில் கற்றுக்கொண்டு அன்றைக்கே மேடை ஏறினார் என்பார்கள். சில மாதங்களில் ஸ்காட் வெளியே, டிராவிஸ் உள்ளே.

டிராவிஸ் பள்ளியில் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் வாசித்தவர், ஜாஸும் பழகியவர். கிட்டார் எளிமையாக இருப்பதால் அலங்காரம் எல்லாம் டிரம்ஸில்தான். 'ஃபீலிங் திஸ்' பாட்டில் தொடங்காதீர்கள், கை சோர்ந்துபோகும். 'ஆல் தி ஸ்மால் திங்ஸ்' பாட்டை மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்துப் பாதி வேகத்தில் ஒரு மாதம் வாசியுங்கள். அப்புறம் பாராடிடில் (இரு கைகளையும் ஒரு வரிசைப்படி மாற்றி மாற்றி அடிக்கும் பயிற்சி) போன்ற அடிப்படைப் பாடங்கள். அவர் செய்வது பெரும்பாலும் அவற்றின் வேகமான வடிவம்தான்.

90ஸ் கிட்: 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' ஏன் அவ்வளவு பெரிய ஹிட்?

1999 ஜூனில் வந்தது. உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்கு. தயாரிப்பாளர் ஜெர்ரி ஃபின்தான் முக்கியக் காரணம் என்பேன். பங்க் இசையின் வேகத்தை வைத்துக்கொண்டு, அழுக்கை மட்டும் துடைத்து எடுத்தார். 'ஆல் தி ஸ்மால் திங்ஸ்' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. அதன் வீடியோவில் அன்றைய பாய் பேண்டுகளை (ஆடிப்பாடும் இளைஞர் குழுக்களை) கிண்டலடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த பாய் பேண்டுகளின் ரசிகைகளே இவர்களையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

2001இல் வந்த அடுத்த ஆல்பம் நேராக பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் இறங்கியது. பாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் முந்தைய ஆல்பத்தின் மறுபதிப்பு.

கேசட் காலத்து ஆள்: நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, 2005இல் ஏன் பிரிந்தார்கள்?

விரிசல் 2002லேயே விழுந்துவிட்டது. டாமுக்குக் கொஞ்சம் கனமான, இருண்ட இசை செய்ய ஆசை. பாக்ஸ் கார் ரேசர் என்று தனியாக ஒரு குழு ஆரம்பித்தார். வெளியாளுக்குக் காசு கொடுத்து டிரம்ஸ் வாசிக்க வைப்பானேன் என்று டிராவிஸைக் கூப்பிட்டுக்கொண்டார். ஆக மூன்று பேரில் இரண்டு பேர் அங்கே, மார்க் மட்டும் வெளியே. மார்க் இதை வெகுநாள் மறக்கவில்லை. யார்தான் மறப்பார்கள்?

ஆனால் அந்தக் கசப்பிலிருந்துதான் 2003 நவம்பரில் பெயரே இல்லாத அந்த ஆல்பம் வந்தது. பிளிங்க் செய்ததிலேயே அதுதான் உச்சம் என்பது என் கட்சி. சான் டியேகோ பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கேயே கருவிகளைப் பரப்பி மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். கழிப்பறை ஜோக்குகள் காணாமல் போயின. 'தி கியூர்' குழுவின் ராபர்ட் ஸ்மித் ஒரு பாட்டில் வந்து பாடினார். 'ஐ மிஸ் யூ' பாட்டில் மின் கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு, டிராவிஸ் பிரஷ்ஷால் வாசிக்கிறார். முதல் பகுதியை மார்க் அடக்கமாகப் பாட, இரண்டாவதில் டாம் நுழையும் இடம் இருக்கிறதே, அந்த உச்சரிப்பைக் கிண்டல் செய்து இணையமே சிரித்தது. ஆனாலும் அந்த இடத்துக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு பயணம், பயணம், பயணம். டாம் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றார், மற்ற இருவரும் தொடர வேண்டும் என்றார்கள். பேச்சே நின்றுபோய், 2005 பிப்ரவரியில் காலவரையற்ற ஓய்வு என்று அறிவிப்பு வந்தது. டாம் 'ஏஞ்சல்ஸ் அண்ட் ஏர்வேவ்ஸ்' பக்கம் போனார். மார்க்கும் டிராவிஸும் 'பிளஸ் 44' தொடங்கினார்கள். இரண்டையும் கேட்டால் ஆளுக்கு ஒரு பாதி இல்லாதது நன்றாகத் தெரியும்.

வேலூரிலிருந்து ஒருவர்: விமான விபத்துதான் அவர்களைச் சேர்த்ததா?

2008 செப்டம்பர் 19, தென் கரோலினாவின் கொலம்பியா நகரம். டிராவிஸ் ஏறிய சிறிய ஜெட் விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடித் தீப்பிடித்தது. விமானிகள் இருவரும், டிராவிஸோடு வந்த இருவரும் இறந்தார்கள். டிராவிஸும் டி.ஜே. ஏ.எம். என்ற இசைக்கலைஞரும் மட்டும் தப்பினார்கள். டிராவிஸின் உடலில் 65 சதவீதம் தீக்காயம். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஜெர்ரி ஃபின் இறந்திருந்தார். மருத்துவமனையில் இருந்தவருக்காகத்தான் மார்க்கும் டாமும் மறுபடி பேசிக்கொண்டார்கள். 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் மூவரும் ஒன்றாக நின்று, திரும்பி வந்துவிட்டோம் என்றார்கள்.

ஆனால் 2011இல் வந்த 'நெய்பர்ஹூட்ஸ்' எனக்கு ஒட்டவில்லை. டாம் சான் டியேகோவில், மற்ற இருவரும் லாஸ் ஏஞ்சலஸில். கோப்புகளை அனுப்பி அனுப்பிச் செய்தார்கள். தபாலில் நடத்திய குடித்தனம் மாதிரி இருக்கிறது.

மாட் ஸ்கிபா ரசிகர்: அவரை ஏன் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை?

நியாயமான கோபம். 2015இல் டாம் விலகியபின், 'ஆல்கலைன் ட்ரையோ' குழுவின் மாட் ஸ்கிபா வந்தார். 2016இல் வந்த 'கலிஃபோர்னியா' பில்போர்டில் முதலிடம் பிடித்தது, சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையும் பெற்றது. நல்ல பாடகர், டாமை நகல் எடுக்கவும் இல்லை. என்ன செய்ய, ரசிகர்களுக்கு அந்த மூக்குக் குரல்தான் வேண்டியிருந்தது. மாட் இல்லாவிட்டால் குழு அப்போதே முடிந்திருக்கும் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு வரிக் கேள்வி: டாம் ஏலியன் தேடப் போனது நிஜமா?

நிஜம்! 2017இல் 'டு தி ஸ்டார்ஸ் அகாடமி' என்று ஒரு நிறுவனமே ஆரம்பித்தார். அமெரிக்கக் கடற்படை விமானிகள் எடுத்த சில வீடியோக்களைப் பரப்பியதில் அதற்குப் பங்கு உண்டு. 2020இல் பென்டகனே அவற்றை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. வீடியோ உண்மை என்றார்களே தவிர, வேற்றுக்கிரகவாசி என்று சொல்லவில்லை.

புதிய ரசிகை: இப்போது மூவரும் சேர்ந்தது எப்படி?

2021இல் மார்க்குக்கு நிணநீர்ப் புற்றுநோய், நான்காம் கட்டம். டாம் தொடர்ந்து பேசினார், டிராவிஸும் கூட இருந்தார். அந்த ஆண்டே செப்டம்பரில் புற்றுநோய் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னதாக மார்க் அறிவித்தார். 2022 அக்டோபரில் டாம் திரும்பினார், 2023 ஏப்ரலில் கோச்செல்லா இசை விழா மேடை, அதே ஆண்டு அக்டோபரில் 'ஒன் மோர் டைம்'. அதுவும் முதலிடம். டிராவிஸே தயாரித்தது. சில பாட்டுகளில் டிரம்ஸ் கொஞ்சம் அதிகம்தான், தயாரிப்பாளரே டிரம்மர் என்றால் வேறு எப்படி இருக்கும்!

இரண்டு பிள்ளைகளின் அப்பா: எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? வீட்டு ஸ்பீக்கரில் போடலாமா சார்?

முதலில் 2003 ஆல்பம், அப்புறம் 'எனிமா', அதன்பின் 'டூட் ராஞ்ச்'. ஒலிப்பதிவு கரடுமுரடாக இருந்தால் பரவாயில்லை என்றால் மட்டும் 'செஷயர் கேட்'. ஸ்பீக்கர் விஷயத்தில் நான் பொறுப்பேற்க மாட்டேன், ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளுங்கள். 2000இல் வந்த நேரடிக் கச்சேரி ஆல்பத்தைப் பிள்ளைகள் முன்னால் போடவே வேண்டாம். பாட்டுக்கு நடுவே மார்க்கும் டாமும் பேசுவது பாட்டைவிட மோசம்.