ஐப்பசியில் வந்து இறங்கும் விருந்தாளிகள்: டீச்சர் பதில்கள்

டீச்சர், தீபாவளிக்கு முதல் நாள் விடியக்காலை எங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரு குருவி விழுந்து கிடந்தது. முதுகு பச்சை, வால் கட்டை, வயிற்றுக்கு அடியில் நல்ல சிவப்பு. பிள்ளைகள் கூடையில் போட்டு மூடி, சோறும் தண்ணீரும் வைத்தார்கள். எதையும் தொடவில்லை. மத்தியானம் கூடையைத் திறந்ததும் பறந்துவிட்டது. அது என்ன குருவி? நாங்கள் செய்தது சரியா?
– வாசகி, தலவாக்கலை

தங்கச்சி, உங்கள் வீட்டுக்கு வந்தது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் விசில் அடிப்பதால் அந்தப் பெயர். கோடையில் வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடியும்போது தெற்கே கிளம்பும். இமயமலை அடிவாரத்தில் இருந்து புறப்பட்டது என்றால் இங்கே வந்து சேர 2000 கிலோமீட்டருக்கு மேல். அதையும் இராத்திரியில்தான் பறக்கும். ஒக்டோபரில் வந்து இறங்கும்போது களைத்துப் போயிருக்கும். வெளிச்சத்தைப் பார்த்துத் தடுமாறிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதிக்கொள்ளும். உங்கள் இஸ்தோப்பில் விழுந்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கூடையில் போட்டு மூடியது மிகச் சரி. சோறு வேண்டாம், அது புழு பூச்சி தின்னும் குருவி. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து.

ஒருமுறை என் குசினி ஜன்னலிலும் ஒன்று மோதி விழுந்தது. கையில் எடுத்தேன். உடம்பில் பாரமே இல்லை, நெஞ்சு மட்டும் விரலில் படபடவென்று அடித்தது. கண்ணை மூடி மூடித் திறந்தது. கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு, இறக்கையில் ஒரு துண்டு நீலம். சப்பாத்துப் பெட்டியில் பழைய துண்டை விரித்து, மூடியில் நாலு துளை போட்டு, அதற்குள் வைத்து அறைக் கதவைச் சாத்திவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழிந்ததும் பெட்டிக்குள் கால் பிறாண்டும் சத்தம் கேட்டது. தோட்டத்து வேலியோரம் கொண்டுபோய்த் திறந்தேன். உடனே பறக்கவில்லை. இரண்டு தத்துத் தத்தி, ஒரு சருகைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதருக்குள் போனது. இவ்வளவு தூரம் வந்த களைப்பிலும் முதல் வேலை சாப்பாடுதான்! அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். தீபாவளிக்கு வீடு வாசலைத் துப்புரவு செய்யும்போது, கொல்லையில் ஒரு மூலைச் சருகை மட்டும் கூட்டி எரிக்காமல் விடுங்கள். அந்தக் குருவி சாப்பிடுவது அந்தச் சருகுக்கு அடியில்தான். பிள்ளைகள் வெடி போடட்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. புதருக்கும் வேலிக்கும் தள்ளி, முற்றத்தில் போடச் சொல்லுங்கள்.

கனடாவில் இருக்கும் மகள் சிவப்பு இலைப் படமாக அனுப்புகிறாள். "உங்கள் ஊரில் இலையுதிர் காலம் இல்லையா அம்மம்மா?" என்று பேத்தி கேட்கிறாள். என்ன சொல்ல?
– வாசகி, பண்டாரவளை

அம்மா, நம் மலையில் சிவப்பு இலை உண்டு, ஆனால் அது கிழட்டு இலை இல்லை, பிஞ்சு இலை! கறுவாவின் கொழுந்தைப் பாருங்கள். நம் தேசிய மரமான நாகமரத்தின் தளிரைப் பாருங்கள். சிவந்து பிறந்து, பிறகுதான் பச்சை ஆகும். பேத்திக்கு ஒரு கறுவாக் கொழுந்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இலை உதிர்வதை வைத்து இல்லாமல், வருகிறவர்களை வைத்துத்தான் நமக்குக் காலம் தெரியும். ஐப்பசி கார்த்திகையைக் கூதிர்காலம் என்றார்கள் நம் முன்னோர். குறிஞ்சி நிலத்துக்கு உரிய காலமும் அதுதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பீலிக்கரைக் கானில், அதாவது தண்ணீர் பிடிக்கும் இடத்து வாய்க்காலில், ஒரு மஞ்சள் வயிற்று வாலாட்டிக்குருவி வந்து நிற்கும். அதைக் கண்டால் "தீபாவளி வந்துட்டுது" என்பார் எங்கள் அப்பாயி. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்குக் கொடுக்கும் தீபாவளி அட்வான்ஸ் பற்றிய பேச்சு தொடங்குவதும் அதே சமயம்தான். அந்தக் குருவியும் வடக்கே இருந்து வருவதுதான் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது பல வருடம் கழித்து.

டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டி வருகிறோம். விக்டோரியா பூங்காவில் பூவைத் தவிர வேறு என்ன பார்க்கலாம்?
– வாசகர், ஹட்டன்

தம்பி, நல்ல நேரத்தில் வருகிறீர்கள். ஏப்ரல் சீசனுக்குப் பூ பார்க்க ஊரே திரண்டு வரும். ஆனால் இங்கே பார்க்க வேண்டிய குருவியான காஷ்மீர் ஈப்பிடிப்பான் மார்ச் கடைசியிலேயே கிளம்பிவிடும். பெயரில் உள்ள காஷ்மீரேதான். அந்த மலைக்காட்டில் கூடு கட்டி, குளிருக்கு நம் மலைநாட்டுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வரும். உலகத்திலேயே குறைந்துகொண்டு வரும் குருவி அது. அதைப் பார்க்க வெளிநாட்டில் இருந்து ஆட்கள் பிளேன் ஏறி வருகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஹட்டனில் பஸ் ஏறினால் போதும்.

காலையில் வெள்ளென வாருங்கள். முன்பக்கப் பூப்பாத்தியில் நிற்காமல், ஓடையோர மரத்தடிக்குப் போய் ஒரு இடத்தில் அசையாமல் நில்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது பெரிய தவம், தெரியும். கையில் ஒரு பனிஸ் கொடுத்துவிடுங்கள். தாழ்ந்த கிளையில் சிட்டுக்குருவியை விடச் சின்னதாக ஒன்று வந்து உட்காரும். வாலை வெடுக்கென்று மேலே தூக்கும், அப்புறம் இறக்கும். ஆணாக இருந்தால் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சளாக இருக்கும், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. பிள்ளைகளிடம் முதலில் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள், நிறம் தானாகத் தெரியும். கீழே சருகு அசைந்தால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள். ஆறுமணிக்குருவியாக இருக்கலாம்.

நேரம் இருந்தால் மத்தியானம் ஹக்கல பூங்காவுக்கும் போய் வாருங்கள். அங்கே கரடிக்குரங்கு உண்டு. அடர்ந்த மயிர், கறுத்த முகம், நம் தீவை விட்டால் வேறு எங்கும் கிடையாது. பனிஸ் மிச்சம் இருந்தாலும் அதற்குக் கொடுக்க வேண்டாம்.