ஹாரிஸ் கவுண்டியில் வெயிலா, மழையா?

டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டிக்கு (ஹூஸ்டன் நகரம் இருக்கும் மாவட்டம்) ஜூலையில் குடும்பத்தோடு வருகிறோம், சென்னையில் வளர்ந்த எங்களால் அந்த வெயிலைத் தாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தாங்கலாம். எந்தத் தெருவில் வீடு பார்க்கப்போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

கோடையில் பகல் 34, 35 டிகிரி செல்சியஸ். ஆகஸ்டில் 38ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றால் இரவிலும் புழுக்கம் விடாது. ஏசி போட்ட வீட்டிலிருந்து வாசலுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும். அக்டோபர் பாதிக்குமேல் வானம் தெளிந்து, மாலையில் நடக்க ஆசையாக இருக்கும்.

குளிர்காலம் பெரும்பாலும் மிதமானது. ஆனால் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் காலையில் அரைக்கைச் சட்டை, மாலையில் கம்பளி என்று ஆகிவிடும். 2021 பிப்ரவரியில் கடுங்குளிரில் மின்சாரமும் போய், ஏராளமான வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. உறைபனி எச்சரிக்கை வந்தால் வெளிக்குழாயைத் துணி சுற்றிக் கட்டிவிடுங்கள்.

இனி மழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,300 மி.மீ.; பருவமழைக் காலம் என்று தனியாக இல்லை, எந்த மாதமும் கொட்டலாம். நிலம் தட்டை, மண் களிமண், மேலே கான்கிரீட். வடிவதற்கு இருப்பவை பயூ எனப்படும் மந்தமான ஓடைகள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் நகராமல் சுற்றிச் சுற்றி நின்று, நான்கே நாட்களில் கவுண்டியின் சில இடங்களில் 1,000 மி.மீ.க்கு மேல் பெய்தது. அடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் நீர் ஏறியது; திறந்துவிட்ட தண்ணீரில் பஃபலோ பயூ கரையோர வீடுகளும் மூழ்கின. எங்கள் தெருவில் நடைபாதையோடு நின்ற வெள்ளம், இரண்டு தெரு தள்ளி வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. நனைந்த ஜிப்சம் சுவரை வெட்டியெடுத்து, உள்ளே வெப்பத்தைத் தடுக்க வைத்திருந்த பஞ்சையும் பிடுங்கி வாசலில் குவித்திருந்தார்கள். அந்த வாடை தெருவை விட்டுப் போக வெகுநாள் ஆயிற்று.

அப்போது வெள்ளம் புகுந்த வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, அரசு வரைபடத்தில் வெள்ள அபாயப் பகுதி என்று குறிக்கப்படாத இடங்களில் இருந்தவை. அதனால் வரைபடத்தை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததா என்பதை வாடகைதாரருக்கு உரிமையாளர் எழுதித் தர வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. ஹார்வி அந்த ஐந்து ஆண்டுக் கணக்கில் வராது. "ஹார்வியின்போது இங்கே தண்ணீர் வந்ததா?" என்று உரிமையாளரிடமும் அக்கம்பக்கத்திலும் தனியாகக் கேளுங்கள்.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டில் வாடகைக்கு இருப்பவரும் தம் சாமான்களுக்குப் பாதுகாப்பு பெறலாம். ஆனால் பொதுவாக 30 நாள் கழித்தே அது அமலுக்கு வரும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நீங்கள் வருவது ஜூலையில். ஆகஸ்டும் செப்டம்பரும்தான் உச்சம். வீடு முடிவானதும் முதல் வேலையாகக் காப்பீட்டை எடுத்துவிடுங்கள்.