டியூஷன் பிள்ளைக்கு 5, என் பிள்ளைக்கு 3

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் ஒரு ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அவளும் அவள் தோழியும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் எழுதியிருக்கிறார்கள். தோழிக்கு 5, இவளுக்கு 3. தோழி அந்த ஆசிரியரிடமே டியூஷன் போகிறாள். போய்க் கேட்டால் அகமதிப்பீட்டில் கைவைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: பேசாமல் இருக்காதீர்கள் அம்மா. போய்க் கேளுங்கள்.

முதலில் உங்கள் பயம். பாடத்துக்கு நூறு என்றால் அகமதிப்பீடு பத்துதான். வருகைப்பதிவு, வகுப்புத் தேர்வு என்று அதற்கும் கணக்கு உண்டு. அரசுத் தேர்வின் விடைத்தாளோ உங்கள் மகளின் முகமே தெரியாத ஆசிரியர் கைக்குப் பெயரில்லாமல் போகிறது. அதிலும் திருப்தி இல்லையென்றால் நகல் வாங்கிப் பார்த்து மறுமதிப்பீடு கேட்கலாம்.

"அப்புறம் அரையாண்டு மார்க்குக்கு எதற்குச் சண்டை?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். 2020-இல் நடந்ததை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானதும், காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதமும் வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்துத்தான் மார்க் போட்டார்கள். பள்ளி ஆசிரியர் எப்போதோ போட்ட மார்க்தான் அன்று பிள்ளைகளின் கையில் நின்றது.

நான் மேலூர்ப் பக்கம் படித்தவன். எங்கள் கணக்கு வாத்தியாரின் மகனும் என் வகுப்புதான். பரீட்சை முடிந்ததும், பெயர் எழுதிய மேல் ஓரத்தை எங்களையே உள்பக்கமாக மடிக்கச் சொல்லி, குண்டூசி குத்தி வாங்கிக்கொள்வார். திருத்தி முடித்து, வகுப்பில் எங்கள் கண்முன்னேதான் ஊசியை எடுப்பார். ஒரு காலாண்டில் மகனுக்கு 41. மற்றவர்களுக்கு வாசித்த அதே குரலில் அதையும் வாசித்தார். "ஏன் சார் மடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "பேரைப் பார்த்தா பேனா சாயுதுய்யா" என்றார். தன் பேனாவும் சாயும் என்று தெரிந்தவர் அவர். மற்ற ஆசிரியர்களிடமும் நான் கேட்பது அந்த ஒரு குண்டூசியைத்தான்.

டியூஷன் விஷயம் வேறு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவில், ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தானே என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கட்டும். மாலையில் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்த பிள்ளையின் தாளைக் காலையில் திருத்துவது பிளஸ் டூவில் மட்டும் எப்படிச் சரியாகும்?

ஆனால் நீங்கள் போகும்போது அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தோழியின் தாளையும் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. வீட்டிலேயே மகளை உட்காரவைத்து, அவள் பதிலைப் பாடப்புத்தகத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையிலேயே ஒரு குறிப்பு விட்டுப்போயிருந்தால் 3 சரியான மார்க்தான், சண்டை வேண்டாம். எல்லாம் இருந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போய், "சார், இதில் எந்தப் பாயிண்ட் குறைகிறது, விடைக்குறிப்பில் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். கேள்வியை அவள் வாயாலேயே கேட்கட்டும். காட்டமாட்டேன் என்றால் தலைமையாசிரியரிடம் போய், அதே பாடம் எடுக்கும் வேறொரு ஆசிரியர் திருத்தட்டும் என்று எழுதிக் கொடுங்கள். கொடுக்கும் விடைத்தாளில் பெயர் எழுதிய மேல் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திவிடுங்கள்.