மூன்று ஜோடி இரும்புச் செருப்புகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஒன்ஸ் அப்பான் எ டைம்' தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். ஸ்நோ ஒயிட்டின் சிற்றன்னை ஏன் கொடியவளானாள் என்று சொல்வதற்கே அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூலக்கதையிலோ பொறாமை ஒன்றுதான் காரணம். தேவதைக் கதைகளைத் தொலைக்காட்சி நாடகமாக்கும்போது இப்படி முன்கதை சேர்ப்பது மூலத்துக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

ம.

அன்புள்ள ம.,

துரோகம் என்று சொல்ல மாட்டேன். 1812 பதிப்பில் பெற்ற தாயாகவே இருந்தவளை 1819இல் சிற்றன்னையாக மாற்றியவர்கள், இந்தக் கதையைத் தொகுத்து வெளியிட்ட ஜெர்மானியர்களான கிரிம் சகோதரர்களேதான். என் குறை வேறு. சிறுமி ஸ்நோ ஒயிட் ரகசியத்தை உளறியதால்தான் சிற்றன்னை ரெஜினாவின் காதலன் கொல்லப்பட்டான் என்று அத்தொடர் விளக்கிய கணமே அவளுடைய வெறுப்பு நமக்கு நியாயமாகத் தோன்றிவிடுகிறது. அதன்பின், அழகி யார் என்று சொல்லி அவள் பொறாமையைக் கிளறும் மாயக்கண்ணாடி வெறும் அறைச்சாமான். ஏழு பருவங்கள் ஓடவேண்டிய தொடருக்கு முன்கதைகள் தீனியாகத் தேவைப்பட்டன என்பதும் உண்மைதான்.

ஆனால் வேறு வழியும் இருந்தது. 1980களில் ஜிம் ஹென்சன் உருவாக்கி, ஆந்தனி மிங்கெல்லா எழுதிய 'தி ஸ்டோரிடெல்லர்' தொடரில் ஒன்பதே அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்குள். அதில் முள்ளெலி உருவில் பிறந்த ஹான்ஸின் கதையைப் பாருங்கள். கிரிம் கதையில் ஹான்ஸே ஏற்பாடு செய்தபடி நான்கு ஆட்கள் அவனுடைய முள்தோலை நெருப்பில் எறிகிறார்கள். வைத்தியர் மருந்து பூசியதும் கரிந்த உடல் வெளுத்துவிடுகிறது. மிங்கெல்லாவிடமோ, மனைவி தான் கொடுத்த வாக்கை மீறி, கணவன் இரவில் முள்தோலைக் கழற்றி மனிதனாகும் ரகசியத்தைத் தன் தாயிடம் சொல்கிறாள், தோலை எரிக்கிறாள், கணவன் மறைந்துவிடுகிறான்; மூன்று ஜோடி இரும்புச் செருப்புகள் தேயும்வரை அவனைத் தேடி அவள் நடக்கிறாள். இரும்புச் செருப்பு அவர் கற்பனையில் உதித்ததன்று, ஐரோப்பிய நாட்டார் கதைகள் பலவற்றில் புழங்கும் பழைய சரக்கு. அதாவது, கதையை நீட்டவேண்டி வந்தபோது அவர் கதாபாத்திரத்தின் மனத்துக்குள் போகாமல் இன்னொரு கதைக்குள் போனார். அவள் எவ்வளவு வருந்தினாள் என்று யாரும் விளக்கவில்லை. தேய்ந்த இரும்பே அதைக் காட்டிவிடுகிறது.

இத்தனை காலத்தை அரைமணிக்குள் கடக்க முடிந்ததற்குக் கணப்பருகே அமர்ந்து கதை சொல்லும் கிழவராக நடித்த ஜான் ஹர்ட்டின் குரலே காரணம். கிரிம் கதையில் ஹான்ஸ் அடுப்புக்குப் பின்னால் வைக்கோலில் எட்டு வருடம் கிடந்தான் என்பது ஒரே வரி. கேமராவை மட்டும் நம்பினால் அதற்கு ஓர் அத்தியாயம் போய்விடும். கதைசொல்லியின் பக்கத்திலேயே ஒரு நாய் இருக்கிறது. பாட்டி கதை சொல்கையில் 'உம்' கொட்டும் பேரனின் இடம் அதற்கு. என்ன, இது குறுக்குக் கேள்வியும் கேட்கும். கதை கேட்கையில் நமக்கு எழும் 'ஏன்' பலவற்றை அந்த நாயே கேட்டுவிடுகிறது, சிலவற்றுக்குக் கிழவர் பதில் சொல்வதேயில்லை.